பெட்டிக்குள் இருந்த மூக்கு

ஈப்போவில் நான் வேலை பார்த்த கடை இன்னும் இருக்கிறது. முதலாளி தவுக்கேயின் மகள் நடத்துகிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்டுக் கொடுப்பதில் எங்கள் கடைக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில் பெரும்பங்கு தவுக்கேயுடையது. மிச்சத்தில் எனக்கும் கொஞ்சம் உண்டு.

டிஸ்க் கெட்டுப்போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒன்றும் செய்யக் கூடாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்தது என்ன என்று கேட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யக் கூடாது என்றேன். அதை யாரும் எழுதவில்லை. ஒரு பெண் மட்டும், அந்தக் காலத்தில் என்ன சாப்ட்வேர் வைத்திருந்தீர்கள் அங்கிள் என்றாள். ஒரு தேயிலை டிரையர், ஒரு பழைய கதவு, நாலு ஆள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறாததால் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில். படிப்பு ஏறவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் இருந்த என் மாமா, தனக்குத் தெரிந்த டைப்ரைட்டர் கடையில் என்னைக் கொண்டுபோய் விட்டார். லியோங் என்ற சீனர்தான் முதலாளி. அவரைத்தான் தவுக்கே என்கிறேன். ஊரில் எல்லாச் சீன முதலாளிக்கும் அதுதான் பெயர். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கை சட்டை, பையில் ஒரு சின்ன ஸ்குரூடிரைவர், கையில் எந்நேரமும் சுடுதண்ணீர் பிளாஸ்க். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிமார்களுக்கு டைப்ரைட்டர் விற்று விற்றே தமிழ் கற்றுக்கொண்டவர். அந்தத் தமிழில் வினைச்சொற்கள் குறைவு. ஆனால் திட்டு என்றால் முழுசாக விளங்கும்.

முதல் ஒரு வருடம் எனக்குக் கிடைத்த பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது. பழுதான மெஷின் மேசைக்கு வந்ததும் தவுக்கே சொல்வார்: "முத்து, கை கீழே. கண்ணு மேலே." கை தானாகப் போய்விடும் என்பது அவர் கணக்கு. மெஷின் கெட்டது பாதி என்றால், கெட்ட மெஷினைப் பார்த்தவன் ஆத்திரத்தில் தட்டிக் கெடுப்பது மீதிப் பாதி என்பார். அவரும் அப்படித்தான் உட்காருவார். கடைக்கு வருகிறவர்கள், முதலாளியும் வேலையாளும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு டைப்ரைட்டரை முறைத்துப் பார்ப்பதைக் கண்டு, கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே வருவார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ரிப்பனிலோ காகிதத்திலோ வாடிக்கையாளருடைய விஷயம் ஏதாவது கண்ணில் பட்டுவிடும். "கண்ணு பட்டா பரவால்ல. வாய் படக் கூடாது" என்பார். அதை மீறிய ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

கேமரன் மலை வேலைகளுக்கு என்னை அனுப்பியதற்குக் காரணம் என் திறமை இல்லை. தாப்பாவிலிருந்து மேலே ஏறும் அந்த வளைவுகளில் தவுக்கேக்கு வாந்தி வரும். எனக்கு வராது. கூடவே தோட்டத்துப் பேச்சும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு தகுதியில் பத்து வருடம் டைப்ரைட்டரும் கூட்டல் மெஷினும் பழுது பார்த்தேன். எண்பதுகளின் நடுவில் தவுக்கே கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தபோது, அவற்றையும் நானே மலைக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் ஒரு செங்கல் அளவு இருக்கும். உள்ளே தட்டுகள் சுழலும். கிராமபோனில் இருப்பதுபோல ஒரு முள் வரிவரியாக நகர்ந்து எழுதும், படிக்கும். ஈப்போவில் ஒழுங்காக இருந்த பெட்டி மலைக்குப் போனதும் சேட்டை செய்யும். இதை நான் முதலில் பார்த்தது திரிங்காப்பில், லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றி அனுப்பும் ஒரு வியாபாரியிடம். அவருடைய கம்ப்யூட்டர் காலையில் எதையும் படிக்காது. மத்தியானம் எல்லாவற்றையும் படிக்கும். அவர் மெஷின் மேல் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். காலையில் கொளுத்தினால் மத்தியானம் பலன் கிடைக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தவுக்கேக்கு போன் செய்தேன். "கை கீழே. நாள் முழுக்க பாரு" என்றார். பார்த்தேன். வெயில் ஏற ஏற மெஷினுக்குப் புத்தி வந்தது. கீழே வந்து சொன்னதும் அவர் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக் காட்டினார். இரும்பு குளிரில் சுருங்கும், சூட்டில் நீளும். டிஸ்க்கின் முள் நிற்கும் இடமும் அப்படியே மயிரிழை தள்ளிப் போகும். சூட்டில் எழுதியதைச் சூட்டில்தான் நன்றாகப் படிக்கும். குளிரில் எழுதியது குளிர் கேட்கும். வியாபாரியிடம் போய் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊதுபத்தியை நிறுத்த முடியாது என்றார்.

இனி டீ மேக்கர் ஆசிர்வாதம் ஐயா விஷயத்துக்கு வருகிறேன்.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் அவர் டீ மேக்கர். பறித்து வந்த இலையை எவ்வளவு நேரம் வாட்டுவது, உருட்டிய பிறகு எவ்வளவு நேரம் புளிக்க விடுவது, டிரையரில் எந்தச் சூட்டில் காயவைப்பது, எல்லாம் அவர் முடிவு. இதற்குக் கடிகாரம் போதாது. ஒவ்வொரு நாள் மழையும் பனியும் வேறு. புளிக்கிற இலையில் பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும் நேரத்தை மூக்கு பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் டீ புல் மாதிரி இருக்கும், பிந்தினால் செத்த டீ. அவருடைய மூக்குக்கு மலையில் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்போல இஸ்திரி போட்ட காற்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். ஞாயிறு ஆராதனை தவறாதவர்.

நாங்கள் விற்ற கம்ப்யூட்டரை ஆபீஸ் கிராணி தொட மறுத்ததால் அது தொழிற்சாலைக்கு வந்தது. ஆசிர்வாதம் ஐயாவுக்கு அதைப் பிடித்துப்போனது. அதுவரை அவர் தினக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி மறுநாள் அழித்துவிடுவார். இப்போது மாதத்துக்கு ஒரு ஃபைல் வைத்து, அன்றன்றைக்கு மழை எப்படி, பனி எப்படி, வாட்டியது எவ்வளவு, புளிக்க விட்டது எவ்வளவு, டிரையர் சூடு எவ்வளவு, கடைசியில் டீ எப்படி வந்தது என்று ஒரு விரலால் டைப் செய்து வைத்தார். ஃப்ளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். எடுத்து வைத்தார். மலையில் எதற்கும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பத்திரமாக, டிரையருக்குப் பின்னால் இருந்த சூடான அலமாரியில் வைத்தார். நான் பிறகு பார்த்தபோது அத்தனை ஃப்ளாப்பியும் பொரித்த அப்பளம்போல நெளிந்து இருந்தன.

அந்த வருடம் தீபாவளிக்குத் தொழிற்சாலையை மூடியபோது யாரோ பொறுப்பாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைத்ததே இல்லை. லீவு முடிந்து போட்டால் டிஸ்க் சுழலவில்லை. குளிரில் தட்டும் முள்ளும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

நான் போனேன். நாற்காலியில் கைகளை அடக்கி உட்கார்ந்தேன். ஒரே ஒரு முறை கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சின்ன முனகல், பிறகு அமைதி. அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆசிர்வாதம் ஐயா, "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க" என்று விறகு அடுக்கியிருந்த பக்கம் கூட்டிப்போனார்.

"உங்க தவுக்கே வந்தா சரி பண்ணிடுவாரா?"

"டிஸ்க்கப் பொறுத்துங்க ஐயா. எல்லாம் வரும்னு சொல்ல முடியாது."

அவர் விறகுக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருசம் மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்தேன், தெரியும்ல? டேம் பக்கத்து வளைவுல. தலையில அடி. அன்னிலேருந்து எனக்கு வாசனையே இல்ல தம்பி. துவர்ப்பு தெரியுது, கசப்பு தெரியுது. வாசனை மட்டும் சுத்தமா இல்ல. டாக்டர் வரலாம், வராமலும் போலாம்னாரு. வரல."

"அப்ப இவ்ளோ நாளா டீய எப்படி...?"

"அதான் அந்தப் பெட்டி. இன்னிக்கி மாதிரியே மழையும் பனியும் இருந்த பழைய நாளத் தேடி எடுப்பேன். அன்னிக்கி மூக்கோட என்ன செஞ்சேனோ, அதையே இன்னிக்கி செய்வேன். என் மூக்கு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

தோட்டத்து மேனேஜர் துரைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆளப் போட்டுருவாரு. போடணும்ல, அவரு மேல தப்பு இல்ல. எனக்கு ரிட்டயராக கொஞ்ச காலந்தான் தம்பி இருக்கு. கோட்ரஸ் வீடு போறதுகூடப் பரவால்ல. மூக்கில்லாத ஆளுன்னு அனுப்பப்படாம, டீ மேக்கராவே எறங்கணும். அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப மழைக்காலம். மழைக்கால டீதான் ரொம்பக் கஷ்டம். ரெண்டு நாளா ஞாபகத்த வச்சு ஓட்டறேன். நேத்து துரை டீயக் குடிச்சிட்டு, கப்ப ரெண்டு தடவ பாத்தாரு."

தவுக்கேயிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சொல்வதில்லை என்றேன்.

ஆபீஸ் போனில் தவுக்கேயைக் கூப்பிட்டு, நீங்களே வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "யாரு டேட்டா?" என்றார். டீ மேக்கருடையது என்றேன். "துரை டேட்டா இல்ல?" இல்லை என்றேன். மறுநாள் காலை டாக்சியில் வந்து இறங்கினார். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. பையை எங்கே போடுவது என்றுதான் முதலில் கேட்டார்.

டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, ஒயர்கள் மாட்டியபடியே கையில் ஏந்தி எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். சூடு காட்ட வேண்டும் என்றார்.

"எவ்வளவு சூடு?" என்றார் ஆசிர்வாதம் ஐயா.

தவுக்கே யோசித்தார். "பிள்ளை குளிக்கிற தண்ணி. அவ்வளவு."

ஆசிர்வாதம் ஐயா டிரையர் அறைக்குள் போய், புறங்கையைக் காற்றில் நீட்டியபடி மெல்ல நடந்தார். ஓரிடத்தில் நின்று தரையைக் காலால் தட்டினார். "இங்க வைங்க. அந்தப் பக்கம் ஓரடி தள்ளுனா வெந்துடும்." அங்கே ஒரு மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தோம். தேயிலைத் தூசி ஃப்ளாப்பி டிரைவுக்கு ஆகாது என்று சுற்றிலும் துணி கட்டினோம். டிரையர் வாயில் இலை போடுகிற குப்பன் அண்ணன் வேலையையும் பார்த்துக்கொண்டு எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க் சூடேறுவதற்குள் ஃப்ளாப்பி டிரைவைச் சுத்தம் செய்யலாம் என்று தவுக்கே ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். அந்தச் சூட்டில் நெடி மூக்கில் அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். குப்பன் அண்ணன் இருமிக்கொண்டே எனக்கு முன்னால் போய்விட்டார். ஆசிர்வாதம் ஐயா மட்டும் பாட்டிலுக்கு நேர் மேலே குனிந்து டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

டிஸ்க்கின் அடியில் தட்டைச் சுழற்றும் சின்னச் சக்கரம் தெரியும். தவுக்கே பென்சிலின் ரப்பர் முனையை அதில் வைத்தார். "நான் சொல்லும்போது கரண்ட். முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல." சொன்னார். கொடுத்தேன். ரப்பரால் ஒரு மயிரிழை தள்ளினார். உள்ளே ஏதோ விடுபட்டது. முனகல் எழுந்து, ஏறி, ஒரே சுருதியில் நின்றது. தவுக்கே ஸ்குரூடிரைவரின் நுனியை டிஸ்க் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டார்.

"என்ன சொல்லுது?" என்றார் ஆசிர்வாதம் ஐயா.

"உசுரு இருக்கு. கோவமா இருக்கு."

இனி கரண்ட் போகக் கூடாது. போனால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி எழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புது ஃப்ளாப்பிக்கு ஏற்ற ஆரம்பித்தேன். வெயில் மாதங்கள் ஒழுங்காக வந்தன. மழை மாதங்களில் முதல் ஃபைலைத் தொட்டதும் டிஸ்க் கடக் கடக் என்று முட்டியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை முயலப் போனேன். தவுக்கே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

மூன்று நாற்காலிகள் போட்டோம். தவுக்கேயும் நானும் கைகளை அடக்கி உட்கார்ந்தோம். ஆசிர்வாதம் ஐயா எங்களைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல், தானும் அப்படியே உட்கார்ந்தார்.

"முட்டைக்கோஸ்" என்றார் தவுக்கே, கொஞ்ச நேரம் கழித்து.

எனக்குப் புரிந்தது. மழை மாதத்து ஃபைல்கள் குளிரில் எழுதியவை. இந்த அனலில் படிக்காது. டிஸ்க்கைக் குளிர வைக்க வேண்டும், ஆனால் சுழல்வது நிற்கக் கூடாது.

"டிரையர நிறுத்திடறேன்" என்றார் ஆசிர்வாதம் ஐயா.

"உள்ள இலை இருக்கு?" என்றார் தவுக்கே.

"இருக்கு. வெளியவும் புளிச்சுக்கிட்டு இருக்கு. நிறுத்தினா அத்தனையும் குப்பை."

"துரை கேட்டா?"

தவுக்கே எழுந்து வாசல்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். தொழிற்சாலையின் மறு கோடியில், லோரியிலிருந்து பச்சை இலை இறக்கும் மேடை. ஒரு பக்கம் சுவரே இல்லை. பனி உள்ளே வந்து தரையில் படிந்து கிடந்தது. "தூக்கிட்டுப் போலாம்" என்றார்.

ஓடுகிற டிஸ்க்கை ஓர் அங்குலம்கூட அசைக்கக் கூடாது என்பது கடையின் முதல் சட்டம். மேசையில் சாய்ந்ததற்காக ஒரு மெக்கானிக்கைச் சாயங்காலம்வரை கடை வாசலில் நிற்க வைத்தவர் இவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கதவு ஒன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வொர்க் ஷாப்பில் ஒரு பழைய கதவு கிடைத்தது. அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டுப் பெட்டியையும் டிஸ்க்கையும் வைத்தோம். திரையைக் கழற்றிவிட்டோம். நீளமான கரண்ட் ஒயரைச் சுருளாக என் தோளில் மாட்டிக்கொண்டேன். மூலைக்கு ஓர் ஆள் வேண்டும். நாங்கள் மூன்று பேர். ஆசிர்வாதம் ஐயா குப்பன் அண்ணனைக் கூப்பிட்டார். "ரெண்டு நிமிசந்தான், வா" என்றார்.

அது ரெண்டு நிமிடத்து வேலையாக இல்லை. தவுக்கே முன்னால் பின்பக்கமாக நடந்தார். பாதத்தைத் தூக்கக் கூடாது, தரையோடு தேய்க்க வேண்டும் என்றார். உருட்டும் மெஷின்களைத் தாண்டினோம். வேலையாட்கள் விலகி நின்றார்கள். ஒரு அம்மா தலையில் கட்டியிருந்த துணியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். யார் செத்தது என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது.

டிரையருக்கு இலை போய்க்கொண்டே இருக்க வேண்டும். போடுகிற ஆள் நகர்ந்தால் உள்ளே இருக்கும் கொஞ்ச இலை மேல் மொத்தச் சூடும் ஏறும். போடுகிற ஆள் என் எதிரே கதவின் மூலையைப் பிடித்திருந்தார். குப்பன் அண்ணனின் மூக்கு விடைத்தது. அவர் ஆசிர்வாதம் ஐயாவைப் பார்த்தார். டீ மேக்கர் ஒன்றும் சொல்லாதபோது தான் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். ஆசிர்வாதம் ஐயா டிஸ்க்கையே பார்த்தபடி, குழந்தையைத் தூக்கிப் போகிறவர்போல நடந்துகொண்டிருந்தார். மலையிலேயே பெயர் பெற்ற மூக்குக்குக் கீழே டீ கருகிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹஷிம் துரை உள்ளே வந்தார்.

ஹஷிம் துரை மலாய்க்காரர், கோலாலம்பூரிலிருந்து வந்தவர். துரை என்பது வெள்ளைக்காரர்களோடு போகவில்லை, நாற்காலியோடு தங்கிவிட்டது. வந்தவர் நின்று மூச்சை இழுத்தார்.

"என்ன இது, மிஸ்டர் ஆசிர்வாதம்?" என்றார் ஆங்கிலத்தில்.

ஆசிர்வாதம் ஐயா தூக்கிவந்ததைப் பார்த்து, "கம்ப்யூட்டர் சார்" என்றார்.

துரையின் முகம் மாறியது. அவர் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆசிர்வாதம் ஐயாவுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. எதைக் கேட்டார் என்பதுதான் தெரியவில்லை. ஐயாவின் கண் என்னிடம் வந்தது. கதவு ஒருபக்கம் மெல்லச் சாய்ந்தது.

"என் தப்பு துவான்" என்றார் தவுக்கே, மலாயில். பின்பக்கமாக நடப்பதை நிறுத்தாமலே சொன்னார். "டீ கருகுது, ஆளை விடுங்கன்னு இவர் ரெண்டு தடவ சொன்னார். நான்தான் விடல. இப்ப யாராவது கையை எடுத்தா டிஸ்க் செத்துடும். கருகினதுக்கு என் கடைக்கு பில் அனுப்புங்க."

துரை தவுக்கேயைப் பார்த்தார், ஆசிர்வாதம் ஐயாவைப் பார்த்தார். பிறகு, "அப்ப நிக்காதீங்க, நடங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிரையரை நோக்கி ஓடினார்.

நாங்கள் நடந்தோம். என் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

மேடையில் இறக்கி வைத்ததும் தவுக்கே முதலில் காதை வைத்தார். சுருதி மாறவில்லை. திரையைக் கொண்டுவந்து மாட்டினோம். பனி பெட்டியைச் சுற்றி வந்துபோனது. ஈரம் உள்ளே இறங்காமல் கம்பளியால் கூடாரம் போட்டு, டிஸ்க்கை மட்டும் காற்றில் விட்டோம். குளிர்ந்துவிட்டதா என்று தவுக்கே கன்னத்தை வைத்து வைத்துப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் மழை மாதத்து முதல் ஃபைலைக் கேட்டேன். கடக் என்று ஒருமுறை முட்டியது. பிறகு படித்தது. அடுத்ததையும் படித்தது. நடுவே சில நாட்கள் போயே போய்விட்டன. மற்றதெல்லாம் வந்தது. ஒவ்வொரு மாதமும் ஃப்ளாப்பியில் ஏறும்போது ஆசிர்வாதம் ஐயா அந்த மாதத்தின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கடைசி மாதம் ஏறியதும் அங்கே கிடந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஃப்ளாப்பியை எங்கே வைப்பீர்கள் என்று தவுக்கே கேட்டார். அலமாரியில் என்றார். எந்த அலமாரி என்று கேட்டு, ஒரு பிரதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கீழே இறங்கும்போது கடை வேனை நான் ஓட்டினேன். தவுக்கே மடியில் புதுப் பிளாஸ்டிக் பையை விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

"தவுக்கே, நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே. எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"அவரோட மூக்கு."

"எந்த மூக்கு?" என்றார்.

சில வளைவுகள் கழித்து அவரே வாயைத் திறந்தார். "ஸ்பிரிட் பாட்டில் தொறந்து இருந்துச்சு. குப்பன் ஓடினான். நீ ஓடினே." அடுத்த வளைவில் பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். நிமிர்ந்து வாய் துடைத்த பிறகு, "அது வாடிக்கை டேட்டா, முத்து. வாய் படக் கூடாது" என்றார். தோட்டத்திலிருந்து பில் கேட்டு ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் கட்டியிருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஆசிர்வாதம் ஐயா டீ மேக்கராகவே ஓய்வு பெற்றார். தோட்டத்து மண்டபத்தில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. தவுக்கே மறுக்காமல் வந்தார், அதே வெளுத்த முகத்தோடும் பிளாஸ்க்கோடும். ஹஷிம் துரை மாலை போட்டுவிட்டுப் பேசினார். இந்த மனிதரின் மூக்கைப் பற்றி ஒன்று சொல்கிறேன் என்றார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குள் ஊர்வலம் போன கதையைச் சொன்னார். கையில் பாரம், கண் டிஸ்க் மேல், ஆனாலும் அந்தக் கோடியில் டீ கருகுவது இவருக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், கேட்கத்தான் ஆள் இல்லை என்றார். மண்டபம் கைதட்டியது. குப்பன் அண்ணன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். மேடையில் ஆசிர்வாதம் ஐயா மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகை மாலை. அவருக்கு அது பூவாக மட்டும்தான் இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்ததும் அவர் நேராக எங்களிடம் வந்தார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தவுக்கே" என்றார். "அன்னிக்கி நான்..."

தவுக்கே பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ரெண்டு தடவ சொன்னீங்க லா. நான்தான் கேக்கல. மன்னிச்சிடுங்க."

ஆசிர்வாதம் ஐயா தவுக்கேயின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றார்.